டிக் போடாத கட்டம்

மார்ச் 3, 2025, திங்கள்

நாளை கூட்டத்தில் வாய் குழறும். அதனால் இங்கே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. புதிய ஆவணப் பார்வை வசதிக்கு இப்போதுள்ள நிலையில் ஒப்புதல் தர மாட்டேன்.
2. காரணம், நாகஜோதியால் அதில் எதையும் படிக்க முடியாது.
3. முதலாளி பாண்டியராஜன் கோபித்தாலும் பின்வாங்கக் கூடாது.
4. நாகஜோதிக்கு இது தெரிய வேண்டாம். தனக்காகப் பேசத் தெரியாத பெண். சங்கடப்படுவாள்.

புரோகிராமர்கள் கோடிங்கை ஓரிடத்தில் வைத்துச் சேர்ந்து வேலை பார்க்க ஒரு தளம் – அதுதான் எங்கள் கம்பெனியின் சரக்கு. எங்கள் வேலையும் அதே தளத்தில்தான் நடக்கிறது. இதுவரை அதில் ஒரு பிடிஎஃப் இருந்தால் டவுன்லோட் செய்துதான் படிக்க வேண்டும். இனி அங்கேயே திறந்து படிக்கலாம். நல்லதுதான். ஆனால் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்கிறார். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிக் காட்டுகிறார்கள். டவுன்லோட் பட்டனையும் எடுத்துவிட்டார்கள்.

நாகஜோதிக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டர் வாசிக்க, காதால் கேட்டுக் கோடிங் எழுதுகிறவள். வெள்ளிக்கிழமை அவள் மேசையைக் கடக்கும்போது ஹெட்போன் கழன்று கிடந்தது. கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது: "இமேஜ். இமேஜ். இமேஜ்."

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார்."

அந்த 'ஒண்ணுமில்ல' எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலமெல்லாம் பிரின்சிபல் அறையில் நான் சொன்னது அதுதான்.

மார்ச் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன்! அதாவது, முதல் இரண்டையும். மூன்றாவது சொல்வதல்ல, செய்வது; அதையும் செய்தேன்.

புது வசதி எதுவும் வெளியே போகுமுன் சோதித்து, பட்டியலில் டிக் போடுவது என் பொறுப்பு. கடைசிக் கட்டத்தை வெறுமையாக வைத்திருந்தேன்.

"ஒண்ணு விட்டுப்போச்சே சார்?" என்றார் பாண்டியராஜன். அவருக்கு என் மகன் வயது.

"விட்டுப்போகலை. நானாத்தான் போடலை."

அந்த வசதியை எழுதிய அழகுபாண்டி அவர் பக்கம் திரும்பி, "சாருக்குப் பென்ஷன் வருதுண்ணே, பேசுவாரு. நமக்கெல்லாம் இங்கதான சோறு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. நல்லவேளை, நாகஜோதிக்கு இந்த வாரம் வாடிப்பட்டியில் வீட்டிலிருந்தே வேலை.

டிக் இல்லாமல் வெளியிட முடியாது. அந்த வாடிக்கையாளரே கேள்வி கேட்பார். "அப்ப நீங்க போடுறவரைக்கும் இந்த வசதியோட கோடிங் எல்லாத்தையும் பூட்டுறேன். யாரும் ஒரு வரி மாத்தக் கூடாது" என்றார் பாண்டியராஜன்.

"பூட்டுங்க."

நானா சொன்னேன்? கீழே பழக்கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 5, புதன்

என் மனைவி சுந்தரவல்லி, வேலை போய்விடும் என்று எங்கள் வீட்டு மொழியில் என்னைத் திட்டியதைத் தமிழில் எழுதினால் பாதிக் காரம் போய்விடும். ஆனால் கடைசியில், "அந்த டிக்கைப் போட்டுடாதீங்க" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

பாண்டியராஜன் தனியே கூப்பிட்டார். குரல் இதமாகத்தான் இருந்தது.

"அந்தப் புள்ளைக்கு வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் போடுறேன் சார். போதும்ல?"

"உங்க பேங்க் மெசேஜை ஆள் வச்சா வாசிக்கிறீங்க?"

அவர் முகம் மாறியது. "திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் டிக் போட வேற ஆள் வரும்."

வரட்டும். வீட்டுக்கு, வில்லாபுரம் பஸ் ஏறும்வரை அந்த 'வரட்டும்' உறுதியாக இருந்தது. ஏறிய பிறகு – நான் செய்வது சரிதானா? சரிதான். சரியாகத்தான் இருக்க வேண்டும். போட மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் நாகஜோதியின் கோல் என் நாற்காலியில் இடித்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பூட்டச் சொன்னது நீங்களா சார்?"

"உனக்காகத்தாம்மா..."

"எனக்காகன்னா எனக்குத் தெரிய வேணாமா? படத்துக்கு அடியில எழுத்தையும் வச்சுட்டா கண்ணுக்குத் தெரியாது, மவுஸால இழுத்துக் காப்பி எடுக்க முடியாது, என் கம்ப்யூட்டர் வாசிச்சிரும். வீட்டுல ஒக்காந்து அம்புட்டையும் எழுதி முடிச்சுட்டேன். ஏத்தப் போனா பூட்டிக் கெடக்கு! மொதலாளி அண்ணன்கிட்ட கேட்டா, 'மொதல்ல பெரியவரு டிக் போடட்டும், ஒன்னோடத அப்புறம் பாப்போம்'ங்குறாரு. அப்புறம்னா எப்ப சார்? அடுத்த வருசமா?"

"அன்னிக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னியேம்மா?"

"யோசிச்சுக்கிட்டிருந்தேன் சார். யோசிக்கும்போது எல்லாரும் அதானே சொல்லுவாங்க!"

இப்போதுதான் விளங்கியது. அவளுக்கு எதிராக வாசலை அடைத்தவன் நான். டிக் போட்டால் படம் மட்டும் வெளியே போகும். போடாவிட்டால் அவள் எழுதியது ஏறாது.

பிறகு எழுந்தேன். வாசிக்க ஆள் போடுகிறேன் என்று அவர் சொன்னதையும் அவளிடம் சொன்னேன். இருவருமாகப் பாண்டியராஜன் அறைக்குப் போனோம். நான்தான் முதலில் பேசினேன்: "பூட்டைத் திறங்க. டிக் இப்பவும் கிடையாது. இவ எழுதினது ஏறட்டும். இவளே சோதிச்சுச் சரின்னு சொல்லட்டும். அப்பத்தான் போடுவேன். வேற ஆள் வேணும்னா கூப்பிடுங்க. அவர்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"சேரலண்ணே" என்றாள் நாகஜோதி. "சார் மேல கோவமாத்தான் இருக்கேன். ஆனா அவர் சொல்றது சரி. நீங்க ஆள் போட்டு வாசிக்க வச்சா, நான் வேற கம்பெனிக்குப் போயிருவேன்."

அவர் மேசையிலிருந்த பட்டியலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அழகுபாண்டியைக் கூப்பிட்டார்: "தொறந்து விடு மாப்ள."

மார்ச் 13, வியாழன்

நாகஜோதி இன்று ஒரு முழு ஆவணத்தைத் திறந்து, ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். அவள் கேட்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்தி, அட்டவணை தப்பாக வாசிக்கிறது என்றாள். அழகுபாண்டி பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினான். மறுபடி ஓடவிட்டாள்.

"புரியுதா சார்?"

"இல்லம்மா."

"எனக்குப் புரியுது. டிக் போடுங்க."

போட்டேன். கோபம் போய்விட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் வாடிப்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் தேதி வரிசைப்படுத்தியதில் முதல் மூன்றைப் பற்றி இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. நான்காவது தவறு. என்னுடைய பயத்தை அவளுடையது என்று எழுதிவிட்டேன்.