வரவில்லை என்று எழுதப்பட்ட ஒன்பது பேர்

நவம்பர் 18, செவ்வாய்

ரேஷன் அட்டைக்கான கைரேகைச் சரிபார்ப்பு எங்கள் ஊரில் இன்றோடு முடிந்தது. பீங்கான் தொழிற்பேட்டைப் பெண்கள் ஒன்பது பேருக்கு ரேகை விழவேயில்லை. பொம்மைகளுக்கு உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. எண்ணெய் தடவி, துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. படிவத்தில் இரண்டே கட்டம் – 'பொருந்தியது', 'வரவில்லை'. ஒன்பது பேருக்கும் இரண்டாவதில் டிக் அடித்தேன்.

அவர்களில் ஒருவரான ஜோஸ்பின் எட்டிப் பார்த்துவிட்டார். "இங்கதானே மேடம் நிக்கறேன்? வரலன்னு எழுதுறீங்க?"

அடுத்தவரைக் கூப்பிட்டேன் நான்.

நவம்பர் 20

'வரவில்லை' என்றால் ஜனவரியிலிருந்து அரிசி கிடையாதாம். இன்றுதான் தெரியும். என் மேலதிகாரி சகாயம் சாரிடம் போய் நின்றேன்.

"பாரத்துல இல்லாதத எழுதக் கூடாதும்மா. நாம கட்டத்த ரொப்புறவங்க, அவ்ளோதான்."

அவருக்கு ஏப்ரலில் ஓய்வு, தையில் மகள் கல்யாணம். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

நவம்பர் 26

அரசியலமைப்பு நாள். வரிசையில் நின்று முகப்புரை வாசித்தோம். 'இந்திய மக்களாகிய நாம்' – அங்கேயே வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த 'நாம்' என்பதில் ஜோஸ்பின் வந்தாரா, வரவில்லையா? அடிப்பாவி, வரலன்னு எழுதினதே நீதானடி!

நவம்பர் 27

எழுதிவிட்டேன். ஒன்பது பெயருக்கும் எதிரே, கையால்: 'நேரில் வந்தார். நான் பார்த்தேன். ரேகை விழவில்லை.' முதலில் டிக் அடித்தது என் பிழை என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சகாயம் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "மெமோ வரும், தெரியுமில்ல?"

தெரியும் சார் என்றேன். படிவங்களை வாங்கிப் புரட்டினார். பிறகு அவரே முத்திரை குத்தி மேலே அனுப்பினார்.

டிசம்பர் 9

மெமோ.

டிசம்பர் 22

இதே மாவட்டத்து மங்களூருக்கு மாற்றல். ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டும். "ஒனக்கு வேணும்" என்றார் வீட்டுக்காரர். சாயங்காலம் அவரே போய் பஸ் நேரம் விசாரித்து வந்தார்.

ஜனவரி 7

ஜோஸ்பினுக்கு இந்த மாதம் அரிசி இல்லை. கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எதுக்கு எழுதினேன், என்ன ஆச்சு? பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 17

காலையில் சகாயம் சார் போன் செய்தார். "ஒம்பது பேருக்கும் அரிசி போட்டாச்சும்மா, போன மாசத்துதும் சேத்து." ஜோஸ்பினுக்குமா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மதியம் மங்களூர்ச் சரிபார்ப்புக்குப் புதுப் படிவக் கட்டு வந்தது. மூன்று கட்டம். மூன்றாவது: 'நேரில் வந்தார்; ரேகை விழவில்லை.'

முதல் ஆளாக வந்தவர் கருப்பன், செங்கல் அறுக்கிறவர். மிஷினில் பத்து விரலும் வைத்தார், ஒன்றும் விழவில்லை. பயந்துபோய்ப் பார்த்தார்.

"நா வந்தேன்னு போடுவீங்களா மேடம்?"

"போட்டுட்டேங்க."