அம்மன் பின்னுக்குப் போகமாட்டா

கோவிக்கப்போற என்ட மச்சானுக்கு,

மனிசி கடிதம் எழுதினா ஏதோ நடந்திருக்கு எண்டு விளங்கும்தானே. போனில சொன்னா கத்துவீங்க.

நீங்க கட்டாரில இருந்து சொன்னபடி வளவைச் சுத்தி மதில் கட்டினன். வயல் வட்டையை நிரப்பி வீடு கட்டினவங்க ஆளுக்கொரு ஒழுங்கைப் பாதை போட்டாங்க, ஒண்டும் மற்றதோட சேராது. முந்தி எல்லாரும் எங்கட வளவுக்குள்ளாலதான் பஸ் றோட்டுக்குப் போவாங்க. மீன்காரன், கஜானியக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்டு ஓயாத கரைச்சல். இப்ப ஒரு கரைச்சலும் இல்ல. கோழியோட கதைக்கிறன்.

நேற்று அம்மன் ஊர்வலம். அம்மனை ஏத்தின டிராக்டர் பின் ஒழுங்கைக்குள்ள வந்து எங்கட மதிலோட நிண்டுட்டு. திருப்ப இடமில்ல. அம்மன் பின்னுக்குப் போகமாட்டா எண்டு பூசாரி ஒரே பிடி. மறுகா என்ன, பொடியன்கள் மதிலை இடிச்சு வழி எடுத்தாங்க. அம்மன் போன வழியை அடைக்கப்படாதாம். அதால திரும்பக் கட்டச்சொல்லி மேசனுக்குப் போன் எடுக்காதீங்க.

அந்த ஒழுங்கைக்குள்ள அம்மனை ஆரு கூப்பிட்டது எண்டு கேப்பீங்க. மதிலுக்கு வெளியால நிறைகுடம் வச்சது நான்தான்.

மதிலை இடிச்ச அலவாங்கும் குடத்துக்குப் பக்கத்திலதான் இருந்தது.

கோழியோட கதைக்கிறதை விட்ட
உங்கட மனிசி