முதல் குழியில் நின்ற புங்கன்

அக்கா,

குமணன்சாவடி சிக்னலில் வண்டியின் பின்னால் கட்டியிருந்த புங்கங்கன்றைச் சரிசெய்தபோது ஓர் இலை கையில் கசங்கியது. அந்தக் கசப்பு வாடை உங்கள் விரல்களில் எப்போதும் இருந்தது. பச்சை விளக்கு விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார்.

நூம்பல் பக்கத்து ஏரிக்கரையில் நாம் மரம் வளர்த்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஜூன் பிறந்தால் கம்பெனி நன்கொடை தரும், எங்கள் அமைப்பு குழி வெட்டும். ஒரே நிற டீஷர்ட்டில் வேன் நிறைய ஆட்கள் வந்து நட்டு, படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். மேற்பார்வைக்கு நான், தண்ணீர் ஊற்ற நீங்கள் ஒருவர். "போட்டா புடிச்சா வளந்துருமா நைனா?" என்று என்னைச் சீண்டுவீர்கள். கோடையில் எல்லாம் காயும். அடுத்த ஜூனில் அதே குழிகளில் புதுக் கன்றுகள் நிற்கும்.

கம்பெனியின் பெயர்ப்பலகைக்கு முன்னால் இருந்த முதல் குழியின் புங்கன் மட்டும் காயவில்லை. டேங்கர் வராத நாளிலும் வீட்டிலிருந்து குடம் சுமந்து அதை மூன்று கோடை தாண்டவைத்தீர்கள். உங்கள் தலைக்கு மேல் போய்விட்டது. "இன்னும் ரெண்டே வருசம், இதுங்கீழ குந்திகினுதான் சோறு துன்னுவேன்" என்பீர்கள்.

நான்காம் வருடம் பெரிய அதிகாரி ஒருவர் நடுவதற்கு வருகிறார் என்றார்கள். படத்தில் பலகை தெரிய வேண்டும், புங்கன் பெயரை மறைக்கிறது, எடுத்துவிடு என்று கம்பெனியிலிருந்து எனக்குப் போன். நீங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"அய்ய, உசுரோட கீறத புடுங்கிட்டு இன்னாத்த நடப்போறீங்க? போர்ட அந்தாண்ட நவுத்துங்களேன்."

"உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமாக்கா?"

அதைக் கேட்டது நான்தான். நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். கடப்பாரையை யாரிடமும் கொடுக்காமல் நானே நெம்பினேன். அதிகாரி வந்து ஒரு சாண் கன்றை நட்டார், கைதட்டினோம்.

அடுத்த மே மாதம் அதே குழியருகே குடத்தோடு சாய்ந்தீர்கள். ஓடிவந்து தூக்கினேன். நிழலில் கிடத்தலாமென்று பார்த்தால், வருடந்தோறும் மரம் நட்ட கரையில் ஒரு மரத்து நிழல்கூட இல்லை. அந்தப் பலகையின் நிழல் மட்டும் தரையில் விழுந்திருந்தது. அதில்தான் படுக்கவைத்தேன். "இன்னா வெயிலு நைனா" என்றீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. வெயில் தாக்கி இறந்ததாக எழுதினார்கள். வெயில் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஜூனில் கம்பெனி அதே குழியில் உங்கள் நினைவாக ஒரு புங்கன் நட்டு, உங்கள் பெயர் எழுதிய தகட்டையும் மாட்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அதைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் ஊற்ற மட்டும் ஆள் போடவில்லை. முதல் கன்று காய்ந்தது, மாற்றினேன். இரண்டாவதும் காய்ந்தது. வண்டியில் இருப்பது மூன்றாவது. உங்கள் பெயரைக் கழற்றி மாட்டுவது இப்போது எனக்கு இரண்டு நிமிட வேலை.

வெட்கமாக இருக்கிறது அக்கா. ஒவ்வொரு முறையும் கன்றைச் சுமந்து வருகிறேன், ஒரு முறைகூடக் குடத்தைச் சுமந்ததில்லை. இன்றும் கொண்டுவரவில்லை. படம் எடுக்கும்வரை வாடாமல் நின்றால் போதும்.