ஒட்டுக்கேட்டவளுக்கு ஜாமீன்

அதெல்லாம் நடக்காது அனுஷா. ஜாமீன் வேண்டாம் என்று சொல்ல நீ யார்? ‘நானும் எட்டு மாதம் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டவள்தானே, உள்ளேயே கிடக்கிறேன்’ என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாயாம். நல்ல நியாயம்! கேட்கச் சொன்னவர்கள் ஏசி ரூமில், நீ கொசுக்கடியில்.

அன்புள்ள மருமகளுக்கு மாமா தாணுமாலையன் எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் சாருக்கும் நமஸ்காரம். சார், அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் எழுத்து. கண் வலித்தால் திட்டக்கூடாது.

முதலில் எனக்கும் உன்மேல் கோபம்தான். தமிழும் மலையாளமும் தெரிந்ததால் என் மருமகளுக்கு சர்க்கார் ஆபீஸில் வேலை என்று பழவங்காடி பிள்ளையார் கோயில் தெரு முழுக்கப் பெருமையடித்தவன் நான். பொன்முடி எஸ்டேட்டில் கூலி கூட்டிக் கேட்ட பெண்களின் போன் பேச்சை ரகசியமாகக் கேட்டு மலையாளத்தில் எழுதுவதுதான் வேலை, அதற்குச் சட்டப்படி உத்தரவும் கிடையாது என்பதெல்லாம் நீ கோர்ட்டில் சொன்ன பிறகுதானே தெரிந்தது. ரகசியத்தை வெளியே சொன்னாய் என்று உன்னை உள்ளே தள்ளினார்கள். வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் திறக்கலாமா என்று நானும் கத்தினேன்.

நேற்று என் தேங்காய்க் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பிள்ளையாருக்கு உடைக்கத்தான் என்று நல்ல காயாக எடுத்து நீட்டினேன். “தேங்கா கெடக்கட்டும். அந்த அனுஷாவுக்கு மாமனார் நீங்கதானா?” என்றாள். பொன்முடி மாடம்மாள்! எட்டு மாதம் நீ கேட்ட குரல்களில் ஒன்று. அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தேங்காயைக் கீழே வைக்காமல் நின்றேன்.

“தங்கச்சிகிட்ட மட்டும் போன்ல ஒரு காரியம் சொன்னேன். கேஸு பேப்பர்ல வந்ததும் இனி ஊருக்கே தெரிஞ்சிரும்னு பயந்து கெடந்தேன். இருவது நாளாச்சு, எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தருக்கும் தெரியல. கோர்ட்டுலயும் அந்தப் புள்ள எங்க பேச்சுல ஒரு வார்த்தை சொல்லலையாம். அவளப் பாக்கணும்னு வந்தேன், ஜெயில்ல விடல” என்றாள்.

என்ன காரியம் என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? ஒரு முறை முறைத்தாள் பார், கைத்தேங்காய் தானாகக் கூடைக்குப் போய்விட்டது.

அவள் போன பிறகு தேங்காய் கேட்டு வந்தவரைக்கூட நான் கவனிக்கவில்லை, அனுஷா மக்களே. பக்கத்துக் கடை ராஜையன் வந்து உலுக்கினான். எனக்கு ஒரு ரகசியம் கிடைத்தால் கடை சாத்தும் வரை தாங்காது. நீ, ஊர் கேட்க வேண்டியதைப் பெரிய கோர்ட்டில் நின்று சொன்னாய். அந்தப் பாவப்பட்ட பெண்களின் வீட்டுக் கதையை நீதிபதிக்கு முன்னால்கூட விழுங்கிக்கொண்டாய். இத்தனை பெரிய ஆள் என் வீட்டில்தான் எனக்குச் சாயா போட்டுத் தந்தாளா? அதிலும் சீனி குறைவு என்று குறை சொன்னேனே!

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் நான். இன்னொருத்தனாக நிற்க வேண்டிய உன் புருஷன் பிரஜின்தான் “ஒரே வீட்ல இருந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?” என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். இதுவரை எழுதியதை இப்போது அவனுக்கு உரக்கப் படித்தேன். மாடம்மாள் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். “அப்போ எங்கிட்ட மட்டுமில்ல, யாருகிட்டயும் சொல்லலையா?” என்றான். ஆமாடே என்றேன்.

மக்களே, வக்கீல் நீட்டுகிற இடத்தில் வம்பு பண்ணாமல் கையெழுத்துப் போடு. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று எழுதி அதையும் அவனுக்குப் படிக்கத் தொடங்கினேன். சட்டையை மாட்டிக்கொண்டு, “வக்கீல் ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?” என்று கேட்டான். நான் சொல்லி முடிப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டான்.