இரண்டு குருவிகளும் ஒரு ஓமும்

சாம்பியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குருவிகளுக்கும் நடுவே இருக்கும் என் சிநேகிதிக்கு,

நீ அனுப்பிய இரண்டு சிஸ்டிகோலாக் குருவிகளின் படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மண்ணிறம், முதுகில் ஒரே கோடுகள். "பாடினால்தான் பிடிபடும்" என்று எழுதி, ஒலிப்பதிவும் சேர்த்திருந்தாய். மூன்று வருடங்களுக்குப் பிறகு வந்த கடிதம்.

அதன் கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன். "கடைசியாக் கதைச்சபோது போனில, என்னோட கோவமோ எண்டு கேட்டன். நீ ஓம் எண்டனீ. அதுக்குப் பிறகு எடுக்கப் பயமாயிருந்தது."

நீ கேட்டது எனக்குக் கேட்கவே இல்லை. அப்போதே காது கேட்பது குறையத் தொடங்கியிருந்தது. வெட்கத்தில் எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். நீ பிறகு எனக்குப் போன் எடுக்காதபோது, நான் உனக்கு அலுத்துப்போனேன் என்று எண்ணிக்கொண்டேன்.

கடிதத்தைக் காட்டியதும் மகள் சாருகா சிரித்தாள். "அம்மா, நான் கார் கேட்டாலும் ஓம், ஒஷாவாவில தனிய இருக்கப்போறன் எண்டாலும் ஓம். அன்ரி பாவம்!" பிறகு அவளே இங்கே மல்வேர்னில் காது பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

நேற்றுக் கருவி பொருத்தினார்கள். திரும்பும்போது பஸ்ஸிலேயே உன் பதிவைப் போட்டேன். முதல் குருவி பாட்டை முடிக்கும்போது கிலுகிலுப்பை ஆட்டுகிறது. மற்றது சின்ன மணி அடிக்கிறது. சரிதானே? கேட்டுக்கொண்டே இருந்து, இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

கோபக்காரி என்று நினைத்தும் எனக்குக் குருவி அனுப்பினாயே, அதற்கு நன்றி.

சனிக்கிழமை எனக்குப் போன் எடு. அதே கேள்வியை இன்னொருமுறை கேள். இந்த முறை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

உன்னுடைய,
எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவள்