தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில்

என் தங்கமான அக்காவுக்கு,

நீ பிறந்த லயத்துக் காம்பராவை நூதனசாலை ஆக்கிவிட்டார்கள் என்றால் நம்புவாயா? நேற்றுக் கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேடேறிப் போய்ப் பார்த்தேன். 'சிறுவர் கதாசிரியை பிறந்த வீடு' என்று மூன்று மொழிகளிலும் வாசலில் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. லயத்து வரிசையில் ஒட்டிக் கிடந்த நம் ஒற்றை அறைக்கு வந்த வாழ்வைப் பார்த்தாயா!

உன் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, காட்சிக்கு.

ஆனால் கோபப்படாமல் எனக்கு ஒரு நாள் கழியுமா? அங்கே பொறுப்பாளராக இருக்கும் தம்பி மேலே கையைக் காட்டினார். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் உள்ள சுவர் தகரக் கூரைவரை எட்டாதே, அந்த இடைவெளியை.

"பக்கத்து வீட்டுச் சத்தமும் பொகையும் வருதுங்கம்மா. பலகை போட்டு அடைச்சிடப் போறோம்."

"என்னா பேசுறீங்க தம்பி? அத அடைச்சா இது எங்கக்கா பொறந்த வீடே இல்ல!"

அவருக்குப் புரியவில்லை. நீ எனக்குக் கதை சொல்லும்போது, அந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டே முத்தம்மா அத்தை "அப்பறம் என்னா ஆச்சு?" என்பாளே, அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் என்னவென்று உனக்கே தெரியாதபோதும் அவளுக்காக ஒன்றைக் கட்டிவிடுவாய். உன் பாதிக் கதைகள் அப்படிப் பிறந்தவைதானே?

இவரிடம் வாயடித்துப் பயனில்லை என்று, அங்கே வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்து உன் வெள்ளாட்டுக் கதையைப் படித்தேன். ஆடு பங்களாவுக்குள் புகுந்து துரையின் தொப்பியைத் தின்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேரமாகிறது என்று தம்பி சைகை காட்டினார். நான் புத்தகத்தை மூடினேன்.

சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது. முத்தம்மா அத்தையின் மருமகள். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.

"அப்பறம் என்னா ஆச்சுங்க? ஆட்டப் புடிச்சாங்களா, இல்லையா?"

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். தம்பியும் பார்த்தார். அக்கா, எனக்கு உன்னைப் பெற்ற அந்த வீட்டை நினைத்து அவ்வளவு பெருமை.

தம்பி மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "படிங்கம்மா. அவங்களுக்கும் கேக்கட்டும், சத்தமா படிங்க."

மாதம் ஒருமுறை போய்ப் படிப்பேன். என் உயிர் உள்ளவரை அங்கே ஒரு பலகை ஏறாது. இது சத்தியம்.

உன்னோடு ஒரே பாயில் படுத்துக் கதை கேட்ட,
உன் வாயாடித் தங்கச்சி
செல்வி