சமபாரமாகப் பிரித்த பெற்றோர்

மெத்தப் படித்த என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் கம்ப்யூட்டரும் நலம்தானே?

நீ அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு புள்ளி. அப்பாவின் மாத்திரை, அம்மாவின் முழங்கால், ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் கூட்டிப் புள்ளிக்கு ஓர் எடை. யாரோடு யார் நிறையப் பேசுகிறார்களோ அவர்களுக்கு நடுவே தடித்த கோடு. இரண்டு வீட்டுக்கும் பாரம் சமமாக வேண்டும், அறுபடும் கோடுகள் குறைவாக வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் சாப்ட்வேர் பிரித்துக் கொடுத்துவிட்டதாம். அப்பா உன் பக்கம், அம்மா என் பக்கம். பெற்றவர்களைப் பங்குபோட இவ்வளவு படிப்பா?

அவர்கள் இருவருக்கும் நடுவே கோடே இல்லை. நீ போனில் கேட்டபோது அம்மா, "நான் எங்க அந்த மனுஷன்கிட்ட பேசறேன்?" என்றாள். அதை அப்படியே சைபர் என்று போட்டுக்கொண்ட புத்திசாலி நீ. அந்த வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்தானே? சிரிக்கவே தெரியாத என் வீட்டுக்காரர்கூட உன் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாவுக்குக் காது மந்தமான நாளிலிருந்து ரேடியோவை அலற வைப்பது அம்மாதான். நீ அவரை அழைத்துப்போன பிறகு என் வீட்டிலும் அலறுகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். அம்மாவிடம் குறைக்கச் சொன்னேன். "குறைச்சா அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். சமையலறைக்குள் போய்விட்டாள். ரேடியோவைக் குறைக்கவில்லை.

நேற்று அப்பாவிடம் போனைக் கொடுத்தாயே, அம்மாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் சாப்ட்வேருக்கு மனசு குளிர்ந்திருக்கும். "ரேடியோ பாடுதா?" என்று மட்டும் கேட்டார். போனை அதன் பக்கத்தில் வைத்தேன். செய்தி முடியும்வரை அவர் போனை வைக்கவில்லை. நடுவில் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அப்பாவை இங்கே கொண்டுவந்து விடு. பாரம் முழுக்க என் பக்கமே சாயட்டும், உன் கணக்கு கெட்டால் கெடட்டும்.

நீ நன்றாக இரு. உனக்கும் காது மந்தமாகும் காலத்தில், சத்தத்தைக் கூட்டி வைக்க ஒருத்தி பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா